ஸ்டாண்டர்டு ஹெரால்டு: விழாத கியரும் விடாத கிளட்ச்சும்

இன்ஜின் அணைந்திருக்கும்போது நான்கு கியரும் ரிவர்ஸும் முனகல் இல்லாமல் விழும். இன்ஜினை ஓட்டிவிட்டால் கதை மாறிவிடும். கிளட்ச்சை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் ‘கர்ர்ர்’ என்று கத்தும். முதல் கியர் எப்படியோ விழுந்துவிட்டால், கால் இன்னும் பெடலில் இருக்கும்போதே வண்டி முன்னால் நகரப் பார்க்கும். மாமா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: முதலில் கியரைப் போட்டுக்கொள்வது, அப்புறம் ஸ்டார்ட் செய்வது. எங்கள் ஊரான மண்டபத்தின் தெருவுக்குள் அது செல்லுபடியாகும். ரயில்வே கேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் இருக்கும் ஆட்டோக்காரரின் பொறுமையைப் பொறுத்தது.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஆர்.சி. புத்தகத்தின்படி 1966. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் இது; உடம்பை வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் இதைச் செய்து விற்றது. 948 சி.சி. இன்ஜின். அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டியரிங் தண்டில் கியர் வைத்திருந்த காலத்தில் இதற்குத் தரையில் லிவர். கிளட்ச்சும் கம்பி, கேபிள் இல்லாமல் பிரேக் ஆயிலில் வேலை செய்வது. பானெட்டோடு முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும் என்பதால் முன் டயரில் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். முதுகுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல கார் கிடையாது.

கெடுதல் எல்லாம் நின்ற இடத்தால் வந்தது. மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. தென்னங்கிடுகுக் கொட்டகையில் வண்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடந்திருக்கிறது. தினமும் ஓடுகிற வண்டியில், இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் கிளட்ச் பிளேட்டு உரசி உரசித் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். நிற்கிற வண்டியில் துரு உட்கார்ந்துவிடும்.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டியபோது, ‘கிளட்ச் செட் மொத்தமா மாத்தணும், பெட்டியை இறக்கணும்’ என்றார்கள். இருக்கலாம். ஆனால் கியர் பெட்டியை இறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. விசைப்படகுகளுக்கு டீசல் இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரும் அதையேதான் சொன்னார்: “தம்பி, கீழ ராடு எவ்வளவு நகருதுன்னு மொதல்ல அளந்தியா?”

அளப்பதற்கு முன்னால் கோளாறு கிளட்ச்சிலா, கியர் பெட்டியிலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தால், பெட்டிக்குள் இருக்கும் ஃபோர்க்கும் தண்டும் பெரும்பாலும் சரி. நின்ற இடத்தில், இன்ஜின் ஓடும்போது மட்டும் ரிவர்ஸ் கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, மூன்றாவது மாற்றும்போது, அதுவும் ஓட்டத்தில் மட்டும் கத்தினால் சின்க்ரோவை, அதாவது கியர்களின் வேகத்தைச் சமன்செய்து சேர்க்கும் வளையத்தை, சந்தேகப்படலாம். ஹெரால்டில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியரைத் திணித்துவிட்டு ‘கத்துகிறது’ என்று புகார் சொல்வதில் நியாயமில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்துப் பத்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பார்ப்பது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் பெட்டியின் உள்தண்டு சுற்றி ஓய்ந்திருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். எங்கள் வண்டி பத்து விநாடிக்குப் பிறகும் அதே சுருதியில் கத்தியது. ஏதோ ஒன்று பிளேட்டை விடாமல் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, ராடு. மாமாவைப் பெடலில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே படுத்தேன். ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுராடில் சாக்பீஸால் கோடு போட்டு, எஃகு ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்து, “மிதிங்க மாமா” என்றால் ராடு நகர்ந்தது 7 மில்லிமீட்டர். இந்த அளவு கிளட்ச்சுக்கு அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. பக்கம் வர வேண்டும். பாதிக்குச் சற்று மேல்தான் வருகிறது என்றால், புதுப் பிளேட்டே போட்டிருந்தாலும் அதுவும் விட்டிருக்காது. செட்டு மாற்றும் காசு அப்படியே கடலில் போயிருக்கும்.

காணாமல் போன 5 மி.மீ. எங்கே என்று மேலிருந்து கீழே தேடினேன். பெடல் கைக்கும், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ராடுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்தால்தான் கண்ணில் படும். ஊசி நடுவில் தேய்ந்து இடுப்புக் கட்டியிருந்தது. அது போகும் ஓட்டையும் முட்டை வடிவம் ஆகியிருந்தது. அங்கே 2 மி.மீ. ஆட்டம் என்றால், கால் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பெடல் சும்மா இறங்கும். ஓட்டையை வெல்டில் நிரப்பி, திரும்பத் துளைத்து, புது ஊசி கடைந்து போட்டோம். பழைய வண்டிகளில் இந்தத் தேய்மானத்தை யாரும் பார்ப்பதில்லை. சல்லிக் காசு வேலை என்பதால் அதைச் சொல்லிப் பட்டறைக்கும் லாபமில்லை.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்து அழுத்தியபடியே வைத்திருந்தால் அது தானாக மெல்ல இறங்கியது. வெளியே சொட்டு கம்மி. ஆனால் பெடலுக்குப் பின்னால் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் இந்த உரிசலே ஒழுகலுக்குச் சாட்சி. கழற்றிப் பார்த்தால் சிலிண்டரின் உள்சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டி மூடியில் மூச்சுவிட ஒரு பொடித் துளை வேறு இருக்கிறது. எங்கள் ஊர்க் காற்று அந்தத் துளை வழியாக வருடக்கணக்கில் உள்ளே போய் வந்திருக்கிறது. கீழே ஸ்லேவ் சிலிண்டர் இன்னும் மோசம்: காப்பித் தூள் கரைத்த மாதிரிச் சேறு, அதற்குள் இறுகிப்போன பிஸ்டன். கம்ப்ரசர் காற்றை மெதுவாகக் கொடுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. இதைச் செய்பவர்கள் பிஸ்டன் வரும் பக்கம் துணியைச் சுற்றிக் கட்டைக்கு எதிராகப் பிடியுங்கள். அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து விழும், விரலை நசுக்கிவிடும்.

குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போட்டால் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். ஆகவே உள்ளே பெரிதாக்கி ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) அடிக்க முடிவு செய்தோம். நேரம்தான் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி நிற்கும், லேத்துப் பட்டறை வாசலில் புரொப்பெல்லர் தண்டுகள் வரிசையில் கிடக்கும். காருக்கு யார் இடம் கொடுப்பார்கள்? படகு மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் இடையில் நுழைத்தார்கள். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. படகுத் தண்டில் வெட்டி மிஞ்சிய ஸ்டெயின்லெஸ் துண்டே ஸ்லீவுக்கு வந்துவிட்டது. உள்ளே கடைந்து, மெல்லிய எமரியில் மினுக்கிக் கொடுத்தார்கள். இனி இந்த இரண்டு சிலிண்டரின் சுவரும் துருப்பிடிக்க வழியில்லை.

ரப்பர் கப்புகளை எடுத்துக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. இன்ஜின் ஆயில் கையோடு தொட்டுக்கூட மாட்டக்கூடாது. இந்த ரப்பர் அவற்றில் ஊறினால் உப்பிச் சிலிண்டருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். புதுப் பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதிலேயே நனைத்து மாட்டினேன். ஹோஸையும் மாற்றினோம். பார்வைக்கு நன்றாக இருந்த ஹோஸின் உள்பக்கம் வீங்கி ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இப்படி இருந்தால் மிதிக்கும்போது ஆயில் போய்விடும், விடும்போது மெதுவாகத்தான் திரும்பும். கிளட்ச் பிடிக்க நேரமாகும், வழுக்கும், பழி பிளேட்டின் மேல் விழும்.

ஏர் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்லேவ் சிலிண்டரில் ஏர் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். ஆயில் குழாய் வரும் துளையையும் நிப்பிள் துளையையும் மாற்றி மாட்டினால் காற்று மேல் மூலையில் தங்கிவிடும், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வராது. மாமா உள்ளே, நான் கீழே. “அமுக்குங்க… புடிங்க… புடிச்சுக்கங்க… இப்ப விடுங்க.” கடைசியில் பெடல் கல்லாக நின்றது. மறுபடி ஸ்கேல். இப்போது 13 மி.மீ.

இத்தனைக்குப் பிறகும் ரிவர்ஸ் கத்தியது. முன்பைவிட ஒரு சுருதி குறைவு, அவ்வளவே.

இதுவரை தெரிந்த கோளாறு எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. ராடு முழுதாக நகர்ந்தும் பிளேட்டு விடவில்லை என்றால், அது இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். பிளேட்டு தன் தண்டில் நகராமல் இறுகியிருக்கலாம். அல்லது கிராங்க் முனையில் உள்தண்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ் வறண்டு உள்தண்டைப் பிடித்து இழுக்கலாம். பின்சக்கரங்களைத் தூக்கி இன்ஜினை ஓட்டி, கிளட்ச் மிதித்தபடி முதல் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் இவற்றை ஓரளவு பிரிக்கலாம். சக்கரம் சுலபமாக நின்றால் லேசான இழுவை. இன்ஜின் திணறி அணைந்தால் ஒட்டியே இருக்கிறது. ஹெரால்டில் இதற்கு ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரங்கள் தொங்கி உள்ளே மடங்கிக்கொள்ளும், யூ.ஜே. (யூனிவர்சல் ஜாயின்ட்) கோணலாகச் சுற்றும். ஆகவே குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கின் இரு நுனிக்கும் கீழே ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை அடைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். எங்கள் இன்ஜின் திணறி அணைந்தது.

ஒட்டிய பிளேட்டை விடுவிக்கச் சாந்தமான முறை முதலில். பெடலை மிதித்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விட்டோம். விடவில்லை. அடுத்தது கொஞ்சம் முரட்டு முறை. உச்சிப்புளிப் பக்கம் உறவினரின் தென்னந்தோப்பில் ஆளில்லாத நீளமான மண்பாதை உண்டு. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட்டரைத் திருப்பினால் வண்டி குதித்துக் கிளம்பும். காலை எடுக்காமல் ஆக்சிலேட்டரைக் கொடுத்து விட்டு, கொடுத்து விட்டு, இடையில் பிரேக்கையும் தொட்டால், அந்த இழுபறியில் துரு பிடி விடும். எதிரே சுவரோ மாடோ இருக்கும் இடத்தில் முயலாதீர்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் தனியே சீறியது, வண்டி தனியே உருண்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கிளம்பும்போது வண்டி உதறியது. மிதித்தால், கிளட்ச் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங் சிணுங்கியது. ரிவர்ஸுக்கு இன்னும் நான்கைந்து விநாடி காக்க வேண்டியிருந்தது. பெட்டியை இறக்க இப்போதுதான் காரணம் கிடைத்தது.

இறக்குவது என்று சொல்கிறோமே தவிர, ஹெரால்டில் பெட்டி கீழே வராது, காருக்குள்தான் வரும். சீட்டுகளை எடுத்துவிட்டு, நடுவில் மேடாக இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். அழுத்திய அட்டையில் செய்த அந்த மூடி, திருகைத் தொட்டதுமே எங்களுக்கு அப்பளமாக உதிர்ந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்லேவ் சிலிண்டர், பின் மவுண்டிங், பெல் ஹவுசிங்கைச் சுற்றி வரும் போல்ட்டுகள். இன்ஜினின் பின்பக்கம் சம்ப்புக்கு (ஆயில் தொட்டிக்கு) அடியில் பலகை வைத்து ஜாக்கி. போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. பெரும்பாலும் அரை அங்குல ஸ்பேனர்தான், 13 எம்.எம். ஸ்பேனரும் மாட்டும், ஆனால் துருப்பிடித்த தலையை வழித்துவிடும். அம்பாசடர் பார்த்த பழைய பட்டறைகளில் அங்குல செட்டு இன்னும் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பேர் நேராகப் பின்னால் இழுத்துத் தூக்கினால் போதும். உள்தண்டு பிளேட்டில் இருக்கும்போது பெட்டியின் பாரத்தைத் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுக்கண் கோணிவிடும்.

உள்ளே ஃப்ளைவீலில் பிளேட்டின் அச்சு துருவாகவே பதிந்திருந்தது. லைனிங்கில் பாதி இடம் பளபளப்பு, மீதி இடம் செம்மண் நிறம், உதறல் இதனால்தான். பிளேட்டின் நடுக்கண் உள்தண்டின் பல்லில் கையால் தள்ளினாலும் நகரவில்லை. ஸ்பிகாட் புஷ் சொட்டு எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தது. ஆக, நான் சொன்ன மூன்று சந்தேகமும் சேர்ந்தே இருந்தன.

பிளேட்டுக்குப் புது லைனிங் ரிவெட் அடித்தோம். பிரஷர் பிளேட்டின் மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் இருந்ததால் அதைத் தொடவில்லை. ஃப்ளைவீலை எமரியில் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்தோம். ஸ்பிகாட் புஷ் எண்ணெய் குடிக்கும் வெண்கலத் தூள் வகை. புதியதை ஒரு பக்கம் விரலால் அடைத்து, உள்ளே இன்ஜின் ஆயில் ஊற்றி, மறுபக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் வெளிச்சுவரில் எண்ணெய் வியர்க்கும். அப்படி வியர்த்த பிறகு அடித்து ஏற்றினேன். தண்டின் பல்லுக்குக் கிரீஸ் பூசித் துடைத்துவிட வேண்டும், மினுக்கம் மட்டும் மிஞ்சினால் போதும். தாராளமாக வைத்தால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் ஏறும். பிளேட்டை மையம் பார்க்கப் பழைய ஆளாகப் பூவரசங்கட்டையில் ஒரு டம்மி தண்டு கடைந்து கொடுத்தார் லேத்துக்காரர். பெட்டி முதல் தள்ளலிலேயே போய் உட்கார்ந்தது.

மூடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் இந்த இன்ஜினுக்கென்றே இருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படும். அதைத் தாங்குவது பின்பக்கம் இருக்கும் அரைவட்ட திரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து சம்ப்புக்குள் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். ஒருவர் கிளட்ச் மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரிந்து புல்லி நகர்ந்தால் ஆபத்து. டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம்: 0.15 மி.மீ. அனுமதி 0.10 முதல் 0.20 வரை. டிராஃபிக்கில் பெடல்மேல் கால் வைத்தே ஓட்டுபவர்கள் இந்த வாஷரைத்தான் தின்கிறார்கள். மாமாவிடம் இதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார்.

கிளட்ச் சரியானதும் லிவரின் ஆட்டம் பெரிதாகத் தெரிந்தது. நியூட்ரலில் லிவர் நாலா பக்கமும் அலைந்தது. மூன்றாவது என்று நினைத்துத் தள்ளினால் முதல் கியரில் போய் நின்றது. லிவருக்கும் பெட்டியின் தண்டுக்கும் நடுவே இருக்கும் இணைப்பில் ரப்பர் புஷ்கள் கரைந்துபோய் போல்ட் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. லிவர் உருண்டை உட்காரும் நைலான் கிண்ணமும் பிளந்திருந்தது. புஷ்ஷை வேறொரு வண்டியின் ஷாக் அப்சார்பர் ரப்பரிலிருந்து வெட்டி எடுத்தோம். கிண்ணத்தை நைலான் ராடில் கடைந்தோம். மொத்த வேலையிலும் மிக மலிவானது இதுதான், ஓட்டுபவருக்கு மிகப் பெரிய மாற்றமும் இதுதான்.

பெட்டி ஆயிலை வடித்தபோது கந்தக நெடி தூக்கியது. யாரோ ஜி.எல். 5 ரகக் கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அது பின் டிஃபரன்ஷியலுக்கு நல்லது. சின்க்ரோ வளையங்கள் பித்தளை வகை என்றால் அதன் கந்தகச் சேர்மானம் அவற்றை அரிக்கக்கூடும். வழவழப்பு அதிகம் என்பதால் வளையம் பிடிக்கவும் தாமதமாகும். ஜி.எல். 4 ஈ.பி. 90 ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் மிச்சமே இருக்கும். மாற்றியதும் மூன்றும் நான்கும் சாந்தமாகிவிட்டன.

பாக்கி இருப்பது இரண்டாவது கியர். மூன்றிலிருந்து கீழே இறங்கும்போது இன்னும் ஒரு முனகல். அந்த வளையம் தேய்ந்துவிட்டது, ஆயிலால் தீராது. சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி ஏதாவது கிடைத்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை டபுள் கிளட்ச்தான்: மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு சின்ன முடுக்கு, மறுபடி மிதித்து இரண்டு. எனக்கு அது இன்னும் பாதி நேரம் கத்துகிறது. மாமாவுக்குச் சத்தமே வருவதில்லை. அவர் பழகியது கருவாடு ஏற்றும் லாரியில்.